இரண்டு மில்லிலீற்றர்

பிரேமிளாவின் கையை யாரும் குறை சொல்ல முடியாது. அளவி என்கிற அந்த நீளக் கண்ணாடிக் குழாயின் திருகை இடது கையால் பிடித்து, வலது கையால் கீழே குடுவையைச் சுழற்றிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடுவாள். குடுவைக்குள் சிவந்திருக்கும் தண்ணீர் எந்தச் சொட்டில் நீலமாகிறதோ அந்தச் சொட்டிலேயே நிறுத்திவிடுவாள். கூடப் படித்த பத்துப் பேரும் அந்த இடத்தைத் தாண்டிப்போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். தண்ணீரில் எவ்வளவு சுண்ணாம்பு இருக்கிறது என்று பார்க்கும் சோதனை அது. வன்னியில் ஆய்வுகூட உதவியாளராக வர நினைப்பவருக்கு வேறு எது தெரியாவிட்டாலும் இது தெரிந்திருக்க வேண்டும்.

அவளுடைய தாய் சுப்பம்மா உருத்திரபுரத்தில் அடுத்தவர் வயலில் களை பிடுங்குகிறவள். குடும்பம் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து நாற்பத்தைந்து வருடமாகியும் 'தோட்டத்து ஆக்கள்' என்ற பெயர் ஊரில் மாறவில்லை. பிரேமிளாவின் பள்ளிக்கூட வருடங்களில் இரண்டை யுத்தம் தின்றது. உயர்தரப் பரீட்சையில் விஞ்ஞானம் எடுத்து மூன்று தரம் எழுதினாள், பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு சில வருடம் கடையொன்றில் நின்றுவிட்டு, இருபத்தேழு வயதில்தான் கிளிநொச்சியிலிருந்த ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் இந்தப் படிப்புக்குச் சேர்ந்தாள். வெள்ளை மேலங்கியை முதல்நாள் போட்டபோது அவளுக்கு வந்த சந்தோசத்தை நினைத்தால் இந்தக் கதையைச் சொல்கிற எனக்கு இப்போது எரிச்சல்தான் வருகிறது.

அந்த ஆய்வுகூடத்தின் வாசலில், யார் கட்டித் தந்தது என்று எழுதிய பலகை இருந்தது. அது மட்டும் குறையில்லாமல் பெரியது. உள்ளே தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கிச் சுத்தமாக வடிக்கும் இயந்திரம் ஒன்றும் இருந்தது. கிளிநொச்சிக் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு அதன் சூடாக்கும் சுருளில் ஏறி, முதல் வருடமே அது எரிந்துபோயிற்று. சோதிக்கும் தண்ணீரோடு அளந்து கலக்கச் சுத்தமான தண்ணீர் இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. மேலிடத்துக்குக் கடிதம் போனது, பதில் வந்தது, பதிலுக்குப் பதில் போனது, தண்ணீர் வரவில்லை.

படிப்பித்த சுமித்திரா மிஸ்ஸுக்குப் பிரேமிளாவைவிட மூன்று வயதுதான் கூட. அவரும் ஒப்பந்தத்தில் வந்தவர்தான். பாடத்தை முடித்துக் காட்டாவிட்டால் அவருடைய வேலையும் போய்விடும். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"பிள்ளையள், வடிச்ச தண்ணி வருமட்டும் கிணத்துத் தண்ணியிலை செய்யுங்கோ. அதிலை இருக்கிற சுண்ணாம்பும் எங்கட அளவிலை ஏறும். நான் பாத்தனான், ரெண்டு மில்லிலீற்றர் கூடக் காட்டுது. கடைசியா வாற அளவிலை ரெண்டைக் கழிச்சுப்போட்டு எழுதுங்கோ."

முதல் வாரம் ஏன் என்று கேட்டார்கள். மூன்றாம் மாதம் கேட்பதற்கு யாரும் இல்லை. கண் பதினாறு என்று பார்க்கும், கை பதினான்கு என்று எழுதும். பிரேமிளா அதிலும் முதல். ஒன்றரை வருடம் அப்படியே எழுதி, வகுப்பில் முதலாவதாக வந்து சான்றிதழும் வாங்கினாள்.

அதன் பிறகு வேலை தேடியது ஒரு பெரிய கதை, அதைச் சொல்லி யாருக்கும் பிரயோசனமில்லை. இருபத்தொன்பது வயதும் பத்து மாதமும் ஆனபோது, வவுனியாவில் குடிதண்ணீர் சோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றுக்கு ஒரேயொரு ஆள் தேவை என்று அறிவித்தல் வந்தது. முப்பது வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும். இதை விட்டால் இனி எந்த விண்ணப்பத்திலும் அவளுக்கு இடமில்லை என்பது வீட்டில் இருவருக்கும் தெரியும். நாற்பத்துமூன்று பேரில் ஆறு பேரைச் செய்முறைப் பரீட்சைக்கு அழைத்தார்கள். அவளும் ஒருத்தி.

"பதறாம செய்யி. ஒன் கைக்கு வேல தெரியும்," என்று சொல்லித்தான் சுப்பம்மா பஸ் ஏற்றிவிட்டாள்.

தாய் சொன்னபடியே அவள் பதறவில்லை. சோதனையை மூன்று தரம் செய்தாள். மூன்று தரமும் பன்னிரண்டு தசம் ஆறு. பரீட்சை அதிகாரி நவ்பர் மற்ற மேசைகளை விட்டுவிட்டு அவளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார். அது அவளுக்குத் தெரிந்தது, தெரிந்தும் ஒரு சொட்டுக்கூடத் தவறவில்லை. விடைத்தாளில் பத்து தசம் ஆறு என்று எழுதி, லீற்றருக்கு எவ்வளவு சுண்ணாம்பு என்று காண இருபதால் பெருக்கி, கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டாள்.

பிறகு, யாரும் சொல்லாமலே பாத்திரங்களைக் கழுவப் போனாள். அங்கே வடித்த தண்ணீருக்கென்று தனிக் குழாய் இருந்தது. கழுவிக் கவிழ்த்த குடுவை காயக் காய அதில் ஒரு வெள்ளைப் பொட்டுக்கூட விழவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், இங்கே கழிக்க எதுவுமே இருக்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. அதிகாரியின் மேசைக்கு ஓடினாள்.

"சேர், நான் ஒரு பிழை விட்டிட்டன். ரெண்டைக் கழிச்சு எழுதிப்போட்டன்."

"ஏன் கழிச்சனீங்க?"

"நாங்கள் படிச்ச இடத்திலை வடிச்ச தண்ணி இல்லை சேர். கிணத்துத் தண்ணியிலைதான் செய்யிறனாங்கள். அதுக்கு ரெண்டு கழிக்கிறது."

"எப்பவும் ரெண்டா?"

"ஓம் சேர்."

"மாரியிலை கிணறு நிரம்பிக் கிடக்கேக்கையும் ரெண்டா?"

மழை பெய்தால் கிணற்றுத் தண்ணீர் மாறும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒன்றரை வருடம் அவள் அழகாக எழுதி வைத்த எண்களில் எது சரி, எது பிழை என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது.

"இண்டைக்கு வந்த ஆறு பேரிலை உங்கட கைதான் திறம், தங்கச்சி," என்றார் நவ்பர். "ஆனா தந்த தாளை நான் திருப்பித் தர ஏலாது. சனம் குடிக்கிற தண்ணி இது. விளங்குதுதானே?"

"விளங்குது சேர்."

அவர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீடுவரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டு வந்திருக்கலாம்.

வேலை வேறொருவருக்குப் போனது. இரண்டு மாதத்தில் முப்பது வயதும் வந்து போனது. சுப்பம்மா வயலால் வந்து, குசினிக்குள் இருந்தபடி, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்பாள். அந்தக் கேள்வியைத்தான் பிரேமிளாவால் தாங்க முடியாமல் இருந்தது. அதனால்தான் ஒருநாள், பக்கத்து வீட்டுத் தர்மிளாவோடு அவள் வேலை செய்யும் ஆடைத் தொழிற்சாலைக்குப் போனாள். அங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். அவள் பையைத் திறந்து சான்றிதழை எடுத்தபோது தர்மிளா கையைப் பிடித்தாள்.

"அதை உள்ளை வை. படிச்ச ஆக்கள் கனநாள் நிக்கமாட்டினம் எண்டு எடுக்கமாட்டாங்கள். சாதாரண தரத்தோடை நிப்பாட்டு."

பிரேமிளா, பதினோராம் வகுப்போடு முடிகிற சாதாரண தரம் என்று மட்டும் எழுதினாள். அதற்குப் பிறகு செய்தவை என்ற இடத்தை வெறுமையாக விட்டாள். படிவத்தை வாங்கிய பெண் வருடங்களைக் கூட்டிப் பார்த்தாள்.

"பள்ளிக்கூடம் விட்டுப் பதின்மூண்டு வருசம். இவ்வளவு நாளும் வீட்டிலை சும்மாவோ இருந்தனீங்கள்?"

"ஓம்," என்றாள் பிரேமிளா.