ஷிப்ட் பஸ்ஸில் ஏறிய தெள்ளுப்பூச்சி

எங்கள் வீட்டில் நாய் கிடையாது, பூனை கிடையாது, ஒரு கோழிக்குஞ்சு கூடக் கிடையாது. தெள்ளுப்பூச்சி மட்டும் இருந்தது. சொந்த ஊரான மத்தூரில் ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கிய நாட்களில் எங்களை எதுவும் கடித்ததில்லை. அப்பாவுக்கு ஓசூர்த் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து, சிமென்ட் தரை போட்ட வாடகை வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே, மூன்று பேரும் முழங்காலுக்குக் கீழே சொறிய ஆரம்பித்துவிட்டோம்.

"முந்தி இருந்தவரு நாய் வெச்சிருந்தாரு ரீ. அது போயி மூணு மாசம் ஆச்சே!" என்று வீட்டுக்கார அம்மா கன்னட வாடையோடு கையை விரித்தார். நாய் போயிருந்தது, வாஸ்தவம். அதன்மேல் குடியிருந்தவை காலி செய்யவில்லை. தரை வெடிப்புகளில் கூடு கட்டிக்கொண்டு, யாராவது நடக்க மாட்டார்களா என்று காத்திருந்தன. நாங்கள் போய் நடந்தோம்.

அம்மா உப்பைத் தூவினாள், வேப்பிலையைப் பரப்பினாள். கடைசியில் எனக்கு மொட்டை போட்டாள். இந்த வீட்டில் ரோமம் அதிகமுள்ள பிராணி நான்தானாம். கடிப்பது காலில்தானே என்று நான் எழுப்பிய ஆட்சேபம் எடுபடவில்லை.

விஷயம் சொறிவதோடு முடிந்திருந்தால் சிரித்திருக்கலாம். அப்பா வேலை பார்த்தது தூசி கூட நுழையக்கூடாத அறையில். கடுகளவு பாகங்களைக் கோத்து அளவுக்கருவி செய்யும் இடம். இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை. "உள்ள ஒரு தெள்ளு போச்சுன்னா நான் வெளிய வந்துருவேன்" என்று அம்மாவிடம் அவர் சொன்னதை ஒன்பது வயதுக் காதால் கேட்டுவிட்டேன். அன்று முதல் அந்த வேலையைக் காப்பாற்றும் பொறுப்பை யாரும் கேட்காமலேயே ஏற்றுக்கொண்டேன். தினமும் காலையில் அப்பாவின் வெள்ளைச் சீருடையை வாசல் வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "ஓகே" சொன்ன பிறகுதான் அவர் கம்பெனி பஸ் ஏற வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை ஓகே சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் பஸ் படியில் கால் வைக்கும்போது, சட்டைக் காலரில் ஒரு கரும்புள்ளி குதித்தது. பஸ் கிளம்பிவிட்டது. மொட்டைத் தலையோடு பின்னால் ஓடினேன்.

"அப்பா! எறங்குப்பா! சட்டையில தெள்ளு!"

டிரைவர் பிரேக் போட்டார். ஜன்னல்தோறும் தலைகள் முளைத்தன. "மத்தூரான் ஊட்டுச் சொத்து கூடவே வருதுடோய்!" என்று யாரோ கத்த, பஸ்ஸே குலுங்கியது. அப்பா இறங்கி, ரோட்டோரம் நின்று சட்டையை உதறினார். முன் சீட்டில் இருந்த சூப்பர்வைசர் மட்டும் சிரிக்கவில்லை. "சாயங்காலம் வீட்டுல இருங்க, வரேன்" என்றார்.

அவ்வளவுதான், வேலை போயிற்று. அதுவும் என் வாயால். பள்ளிக்கூடம் போகாமல் பையிலிருந்த புத்தகங்களைக் கொட்டிவிட்டு, ஒரு சட்டை, பதினோரு கோலிகுண்டு, அரை பாட்டில் ஊறுகாய் ஆகியவற்றை அடுக்கி, மத்தூர் திரும்பத் தயாரானேன். ஆடு மேய்க்க இது போதும் என்று கணக்கு.

சாயங்காலம் ஸ்கூட்டரில் ஒரு பெரிய பெட்டியோடு சூப்பர்வைசர் வந்தார். எங்கள் சாமான்களை அள்ளிக்கொண்டு போகத்தான் என்று அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்தேன். பெட்டியிலிருந்து வந்தது, தூசி உறிஞ்சும் மெஷின். கம்பெனியில் கேட் பாஸ் போட்டு எடுத்து வந்தாராம்.

"போர்வை, பாய் எல்லாம் கொதிக்கிற தண்ணில போடும்மா. வெடிப்ப நான் பாத்துக்கறேன்."

"சார், நீங்க போயி இதையெல்லாம்..." என்று அப்பா இழுத்தார்.

"யோவ், வயரைப் புடிய்யா மொதல்ல."

மூலை மூலையாக மண்டியிட்டு உறிஞ்சினார். "இன்னிக்கு ஒழிஞ்ச மாதிரிதான் இருக்கும். பத்து நாள்ல கூட்டுக்குள்ள இருக்கறது வெளிய வரும். பயந்துராதீங்க, மறுபடி வரேன்" என்றார். அப்போது அவருடைய பேண்ட் மேலேறி, கணுக்கால் தெரிந்தது. வரிசையாகக் கருத்து, காய்ந்து, பொருக்குத் தட்டிய புள்ளிகள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "சார், எங்க ஊட்டுத் தெள்ளு உங்களையும் கடிச்சிருச்சா?"

அவர் சட்டென்று பேண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். அப்பாவைப் பார்த்தார். அப்பா வயரைப் பார்த்தார். "ஆமாண்டா ராஜா, உங்க ஊட்டுதுதான்" என்றார். பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் மெஷின் சத்தமே கேட்கவில்லை.

பத்தாம் நாள் சொன்னபடி வந்தார். அதற்குப் பிறகு எங்களை எதுவும் கடிக்கவில்லை. பொங்கலுக்கு முன்பே அப்பாவுக்குப் பர்மனென்ட் கடிதமும் வந்தது.

கூட்டுக்குள் இருப்பது எத்தனை நாளில் வெளியே வரும் என்பது வரைக்கும் சொல்கிறாரே, சூப்பர்வைசர் என்றால் எல்லாம் தெரியும்போல என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தேன். எங்கள் வீட்டுக்குள் நுழைந்து அரைமணி நேரம் கூட ஆகாத மனிதருக்குக் கடிவாய் எப்படி அதற்குள் காய்ந்து பொருக்குத் தட்டியது என்று கேட்க, எனக்கு அன்று தோன்றவில்லை.