மதாமுக்காகப் போட்ட வாக்கு

மேல்மாடி மதாமின் வீட்டுக்குப் பொலிஸ்காரர் வந்த காலை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. மதாம் இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் கிடந்தார். பொலிஸ்காரர் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு என் பெயரைக் கேட்டு எழுதினார். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் கிடைத்து எத்தனையோ வருடமாகியும் நீலச் சட்டையைக் கண்டால் எனக்கு இன்னும் பயம்தான். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றேன். "ஏன்டி நடுங்குற? உன்னைப் புடிக்க வரல. என் வோட்டை உன் கையில குடுக்க வந்திருக்காரு" என்று மதாம் சிரித்தார். இந்த நாட்டில் வாக்குச்சாவடிக்குப் போக முடியாதவர்கள், தங்கள் வாக்கை அதே ஊரில் பதிவுள்ள இன்னொருவர் மூலம் போடலாம். அதைப் பொலிசில் எழுதிக் கொடுக்க வேண்டும். நோயாளி என்றால் பொலிசே வீடு தேடி வரும்.

மதாம் புதுச்சேரிக்காரர். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய தகப்பன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததால், பிறக்கும்போதே தான் பிரெஞ்சுக்காரி என்பதை நாளுக்கு ஒரு தடவையாவது சொல்லாமல் விடமாட்டார். "நாங்க உரிமையா வந்தவங்க. நீங்க ஓடி வந்தவங்க. ரெண்டும் ஒண்ணாகுமா?" என்பார். எங்கள் வழக்கப்படி ஆமாம் என்பதற்கு நான் "ஓம்" என்றால், "என்னடி, எப்பப் பார்த்தாலும் மந்திரம் ஓதுற!" என்று கேலி செய்வார். எனக்குக் கோபம் வராது. என் புருசன் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்த கிழமை, டாக்டர்மாரோடு எனக்காகப் பேசியது இந்த மனுசிதான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தமிழிலேயே நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கத் தெரியாது, பிரெஞ்சில் எங்கே?

அது எங்கள் ஊர் மேரிக்கு, அதுதான் நகரசபைக்கு, நடந்த தேர்தல். ஜனாதிபதியின் காலம் பாதி போயிருந்த நேரம். சனங்களுக்கு அரசாங்கத்தின் மேல் கடுப்பு. நெடுங்காலமாக ஒரே கட்சியின் கையில் இருந்த மேரி இந்த முறை கைமாறும் என்று எல்லோரும் சொன்னார்கள். மாறினால் என் நிலைமை என்ன என்பதுதான் எனக்கு நெஞ்சுக்குள் இடித்தது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் தங்கச்சியை நான் கப்பலேறிய பிறகு கண்ணால் கண்டதில்லை. அவள் விசா எடுத்து வருவதென்றால், என் வீட்டில் தங்க வைப்பேன் என்று மேரி முத்திரை குத்திய பத்திரம் வேண்டும். பழைய ஆட்கள் அதிகம் துருவாமல் குத்திக் கொடுப்பார்கள். எதிர்க்கட்சியோ, வெளிநாட்டு விருந்தாளிக்கு எழுதிக் கொடுக்கும் முன் வீடு வீடாகப் போய் இடம் இருக்கிறதா என்று பார்ப்போம் எனத் துண்டுப் பிரசுரம் அடித்திருந்தது. நான் இருப்பதோ ஒற்றை அறையில். அதன் மூலையில்தான் அடுப்பும் குசினியும். மதாமின் வாக்கு அந்த எதிர்க்கட்சிக்குத்தான். "என் புள்ளைக்கிட்ட குடுத்தா தன் கட்சிக்குப் போட்டுடுவான். நீ மாத்த மாட்ட" என்று சொல்லித்தான் என்னைப் பிடித்தார்.

அப்போது நான், தமிழ்க்கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒரு சேலைக்கடையின் பின்னறையில் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். கதையைக் கேட்டதும் கடை முதலாளி தலையில் கை வைத்தார்.

"அக்கா, உங்களுக்கென்ன விசரே? ரெண்டையும் எங்கட பழைய ஆக்களுக்கே போட்டுவிடுங்கோ. திரைக்குள்ள ஆர் வந்து எட்டிப் பாக்கப்போகினம்?"

"அவ நம்பித் தந்தது, தம்பி."

"அவ நம்புவா. தங்கச்சியை ஆர் கூப்பிடுறது? அவவோ?"

தையல் மெஷினை மிதித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் வரிசையில் நின்றேன். திரைக்குள் போனதும் மதாமின் வாக்கைத்தான் முதலில் மடித்து உறைக்குள் வைத்தேன். என்னுடையதை முதலில் போட்டால் பிறகு மனம் மாறிவிடுமோ என்று பயம். பெட்டிக்குள் விழுந்ததும் மேசையில் இருந்தவர் மதாமின் பெயரைச் சொல்லி "வாக்களித்தார்" என்று பிரெஞ்சில் உரக்கக் கூவினார். மதாமே அங்கே வந்து நிற்பதுபோல் இருந்தது. பிறகு போய் என்னுடையதை என் விருப்பப்படி போட்டேன். வெளியே வந்து, தங்கச்சியை நினைத்துக்கொண்டு மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன்.

மதாமின் கட்சியே வென்றது. திங்கட்கிழமை கடை முழுக்க அதே கதை. "கவிட்டுப் போட்டாங்கள்" என்று முதலாளி முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பக்கத்து ஊரான ஓல்னேயிலிருந்து சேலை பார்க்க வந்த பெண் ஒருத்தி, "அண்ணை, நானும் அவங்களுக்குத்தான் போட்டனான். வீட்டு வரி கட்டி முடியேல்ல" என்றாள். எங்கள் ஆட்களே இப்படிச் சொல்வார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. விலை சொல்லவும் மறந்துபோனார். சாயங்காலம் நான் மேலே ஏறிப் போனபோது மதாம் தலையணையில் சாய்ந்தபடி ராசாத்தி போல இருந்தார். "பார்த்தியா? ஜெயிச்சிட்டோம்!" என்றார். நானும் சேர்த்து என்பது போலத்தான் சொன்னார். "சந்தோசம், மதாம்" என்றேன். அவர் சந்தோசப்பட்டது எனக்குச் சந்தோசம்தான். அதில் பொய் இல்லை.

கோடையில் தங்கச்சிக்காக மேரியில் எழுதிக் கொடுத்தேன். சொன்னபடியே ஆள் வந்தார்கள். வந்த பெண் நல்ல பிள்ளை. அறையை அளந்தாள், யன்னலைப் பார்த்தாள், கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே நின்று, மன்னிக்க வேண்டும், இரண்டு பேருக்கு இடம் போதாது என்றாள். அவள் போன பிறகு நான் தேத்தண்ணி போட்டுவிட்டுக் குடிக்காமல் இருந்தேன். மதாமிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். என் முகத்தைப் பார்த்தே கேட்டுக் கேட்டுக் கறந்துவிட்டார். கேட்டு முடித்ததும், "நாளைக்கு அந்தச் சக்கர நாற்காலியைத் தொடைச்சி வை" என்றார்.

மேரிக்கு மதாம் லிப்ஸ்டிக் பூசிக்கொண்டு வந்தார். தன் வீட்டில் ஒருவரைத் தங்க வைக்கப் பத்திரம் வேண்டும் என்று கேட்டார். அந்த ஆள் உங்களுக்கு என்ன உறவு என்று கவுண்டரில் இருந்தவர் கேட்டார். "ஒரு உறவும் இல்லை. என் விருந்தாளி" என்றார் மதாம், பிரெஞ்சில். அவர் தயங்குவதைக் கண்டதும் குரலை உயர்த்தினார். "நான் உங்கள் கட்சிக்கு வோட்டுப் போட்டவள். சந்தேகம் என்றால் இவளைக் கேளுங்கள். கொண்டுபோய்ப் போட்டதே இவள்தான்!" மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும் வழி ஏற்றம். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாக மதாமை ஒரு கேள்வி கேட்டேன். "உங்கட ஆக்கள்தானே, மதாம், இந்தச் சட்டத்தைக் கொண்டு வந்தது?"

"சட்டம் சரிதான்டி. உன் ரூம் சின்னதுதானே? என்னுது பெருசு. மூச்சு வாங்காம தள்ளு."

தங்கச்சி வந்தாள். விசா முடியும்வரை, மதாமின் மகன் தனியே போனபின் காலியாகக் கிடந்த அறையில்தான் படுத்தாள். மதாம் அவளையும் கேலி செய்தார். அவள் என்னைப் போல் இல்லை, திருப்பிக் கொடுத்தாள். "ஓடிப் போனது அக்கா. நான் என்ர வீட்டிலதான் இருக்கிறன். நீங்களுந்தான் ஊரை விட்டிட்டு வந்தனீங்கள்" என்றாள். மதாமுக்குச் சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. மதாம் அதற்குப் பிறகும் கட்சி மாறவில்லை. அடுத்து வந்த தேர்தலுக்கும் பொலிஸ்காரர் வந்தார். நானும் சொன்னபடியே போட்டேன்.

இப்போது மதாம் இல்லை. மேலே வேறு குடும்பம் இருக்கிறது, பார்த்தால் தலையாட்டுவார்கள். மேரி மறுபடியும் கைமாறி, நான் விரும்பிய ஆட்களே வந்துவிட்டார்கள். கடையில் இனிப்புக் கொடுத்தார்கள். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன். பத்திரம் எடுப்பது இனிச் சுலபமாம். தங்கச்சிக்கோ முழங்கால் போய்விட்டது, விமானம் ஏறமாட்டாள். பக்கத்தில் நின்றவர்கள் தோற்றவர்களைத் திட்டிச் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு ஒட்டவில்லை. எனக்குப் பிடிக்காத கட்சிக்குப் போடும் வாக்கை மதாமைப் போல நம்பி என் கையில் தர, இந்த ஊரில் இனி எனக்கு ஒருவரும் இல்லை.