அங்கவடி இல்லாத ராஜா

எங்கள் மாமா எனக்குச் செய்த அநியாயத்தை இன்று நினைத்தாலும் மனம் ஆறவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். சாம்பாரில் உப்புக் குறைந்தால்கூட அதற்குச் சரித்திரத்தில் ஒரு காரணம் வைத்திருப்பார். நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது பள்ளி ஆண்டு விழா ஊர்வலம் வந்தது. பெண்ணாக இருந்தாலும் வகுப்பிலேயே பெரிய குரல் என்னுடையது என்பதால், உறையூரிலிருந்து ஆண்ட பழைய சோழ ராஜாவாக என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ராஜா நிஜக் குதிரையில் வரவேண்டும் என்றார் டீச்சர். குதிரையே வேண்டாம் என்றாள் அம்மா. நான் சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில், குதிரையை நானே பார்த்துக் கொண்டுவருகிறேன் என்று மாமா பொறுப்பேற்றார்.

ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளுக்குக் குதிரை என்றால் கோயில் மண்டபத்துத் தூண்களில் நிற்பதுதான். முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு பாயும். மேலே இருக்கும் வீரன் அங்கவடி வளையத்தில் பாதத்தை ஊன்றியிருப்பான். நான் கனவு கண்டதும் அதைத்தான். வந்ததோ ஒரு மட்டக் குதிரை. மாமாவின் மார்பளவுகூட இல்லை. முதுகில் ஒரு மெத்தை, அவ்வளவே. கால் வைக்க அங்கவடி இல்லை.

“இது கழுதை மாமா” என்றேன்.

“இங்க பாரும்மா, உங்க ராஜா காலத்துல குதிரையெல்லாம் இவ்வளவுதான் இருக்கும். அங்கவடியும் அப்ப கிடையாது. நீ பாக்குற தூணெல்லாம் ஆயிரம் வருஷத்துக்கும் மேல பிற்பாடு வந்தது.”

பச்சைப் பொய் என்று கத்தினேன். மாமா குனிந்து இரண்டு கைகளையும் கோத்து நீட்டினார். அதை மிதித்துத்தான் ஏறினேன். சித்திரை வீதியே சிரித்தது. போதாக்குறைக்கு, மாமா தன் வழக்கப்படி வலது காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டு, என் முழங்காலை விடாமல் பிடித்தபடி கூடவே வந்தார். இப்படிக் காலைப் பிடித்துக்கொண்டு வரும் சேவகனோடு எந்த ராஜா ஊர்வலம் போவான்? அந்தக் கையைத் தட்டித் தட்டி விட்டேன். அது திரும்பத் திரும்ப வந்தது. அப்புறம் வெகுநாள் நான் அவரோடு பேசவில்லை.

பழங்காலத்துக் குதிரைகள் பெரும்பாலும் சிறியவை, அங்கவடி பிற்பாடு வந்தது என்பதெல்லாம் கல்லூரியில் படித்தபோதுதான் தெரிந்தது. அது எப்படி மாமா சொன்னது நிஜமாக இருக்கலாம் என்று அம்மாவிடம் சண்டைக்குப் போனேன்.

“அதுக்காகவா அவன் அந்தக் குதிரையக் கொண்டு வந்தான்?” என்றாள் அம்மா. “அவன் கால் பிறவியிலேயே அப்படின்னு நெனச்சியா? காலேஜ் படிக்கிறப்ப துறையூர்ல ஒரு கல்யாணத்துல, ஆசைப்பட்டு மாப்பிள்ளைக் குதிரையில ஏறினான். வேட்டுச் சத்தத்துல அது மிரண்டு ஓடிருச்சு. விழுந்தவன் கால் அங்கவடியில மாட்டிக்கிச்சு. தெருக்கோடி வரைக்கும் இழுத்துட்டுப் போச்சு.”

அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆயிரம் வருஷத்துச் சரித்திரத்தைச் சொன்னவருக்குத் தன் கதையைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லையா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அன்று என் முழங்காலில் இருந்த கை நனைந்து போயிருந்தது. வெயிலுக்கு வியர்க்கிறது என்று நினைத்தேன்.