கயிறு இழுக்கிற ஜெனரேட்டர்

என் வீட்டுக்காரருக்கு மூச்சு மிஷின் வைத்து ரெண்டு வருசம் ஆகிறது. நுரையீரல் காய்ந்துபோன பீர்க்கங்கூடு மாதிரி ஆகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து கட்டில் பக்கத்தில் அந்த மிஷின் உறுமிக்கொண்டே இருக்கிறது. அறையில் இருக்கிற காற்றை இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும். கரண்டு இருந்தால்தான் ஓடும். இன்வெர்ட்டர் ஒன்று இருக்கிறது. ரெண்டு மணி நேரம் தாங்கும். காற்று மழை அடித்து லைன் அறுந்தால் எங்கள் தோட்டங்காட்டுப் பக்கம் சரிபண்ண அரை நாள் ஆகும். இந்தக் கணக்கு தெரிந்த நாளிலிருந்து எனக்கு வானம் கறுத்தாலே அலுப்பு வந்துவிடும். மழைக்கு ஏங்கின குடும்பத்தில் பிறந்தவள், மழையைப் பார்த்து முகம் சுளிக்கிறேன்.

ஓசூரில் வேலை பார்க்கிற மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, தருமபுரிக்குக் கூட்டிப்போனான். ஜெனரேட்டர் விற்கிற கடை. பீரோவைப் படுக்க வைத்த மாதிரி ஒன்று நின்றது. டீசலில் ஓடுவது. சிமெண்டு மேடை கட்டி அதன்மேல் வைத்துவிட்டால் ஆயுசுக்கும் அசைக்க வேண்டாமாம்.

"கரண்டு போனா தானா ஸ்டார்ட் ஆயிடும்மா. வந்தா தானா நின்னுக்கும். நீங்க தொடவே வேணாம்" என்றார் கடைக்காரர்.

"அப்ப நான் எதுக்கு?" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்கு மாத்திரை கொடுப்பது, குழாயைத் துடைப்பது, மிஷினுக்குத் தண்ணி ஊற்றுவது எல்லாம் நான். இதை மட்டும் ஒரு பீரோ வந்து பார்க்குமா?

மூலையில் சின்னதாக ஒன்று இருந்தது. கைப்பிடி போட்டது, பெட்ரோலில் ஓடுவது. பக்கத்தில் ஒரு கயிறு. அதைச் சுண்டி இழுத்தால் ஓடும்.

"இது போதும்" என்றேன்.

மகன் தலையில் கை வைத்தான். "ம்மா, அந்தக் கயித்த இந்த வயசுல நீ இழுப்பியா?"

"கெணத்து மேட்டுல ஆயில் என்ஜினை யாருடா சுத்தி வுட்டது? உங்கப்பன் தக்காளி ஏத்திக்கிட்டு பாலக்கோட்டுக்குப் போயிட்டா, இரும்புக் கைபுடிய நான்தான் சுத்துவேன். நீ அப்ப வயித்துல இருந்த."

கடைக்காரர் இழுத்துப் பார்க்கச் சொன்னார். முந்தானையைச் செருகிக்கொண்டு ஒரு காலை ஊன்றி இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் படபடவென்று எடுத்தது. கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தலை ஒரு முழம் உயர்ந்தது. பொய் சொல்வானேன்.

"வெளியில, வாசக்கதவு சன்னலுக்குத் தள்ளி வச்சு ஓட்டுங்கம்மா" என்று கடைக்காரர் சொன்னார். ஆயில் என்ஜின் புகையில் பாதி ஆயுசைக் கழித்தவளுக்குப் புகையைப் பற்றிச் சொல்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்து சுற்றிப் போட்டேன். நாலைந்து தடவை கரண்டு போனது. வாசலுக்கு முன்னால் களத்தில் வைத்து இழுத்தேன், ஓடியது. கட்டிலிலிருந்து அவர், "இந்தா புள்ள, எடுத்துச்சா?" என்பார். "எடுக்காம?" என்பேன். அந்த ரெண்டு வார்த்தைக்காகவே கரண்டு போகட்டும் என்றுகூட ஒரு நாள் தோன்றியது. மறுநாளே தோளில் எண்ணெய் போட்டு நீவிக்கொண்டேன். அதை மகனிடம் சொல்லவில்லை.

போன சித்திரையில் ஒரு நாள் காலை பத்து மணிக்கெல்லாம் கரண்டு போய்விட்டது. இன்வெர்ட்டர் தீருகிற நேரத்துக்கு, உச்சிப்பொழுதில், காற்றும் ஆலங்கட்டியுமாக அடித்தது. களத்தில் வைக்க முடியாது. நனைந்தால் கெட்டுவிடும். ஆயில் என்ஜினுக்கு நாங்கள் எப்பவும் கொட்டாய் போட்டுத்தான் வைத்தோம். வெயில் படாது, மழை படாது. ஏழு பேர் குடியிருந்த எங்கள் கூரை ஒழுகினாலும் என்ஜின் கொட்டாய் ஒழுகாது. அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது. ஜெனரேட்டரை இழுத்துவந்து வாசற்படியை ஒட்டி, தாழ்வாரத்துக்குள் வைத்து ஓட்டினேன். ஒயர் போகிற அளவுக்குக் கதவை ஒருக்களித்து வைத்தேன். சாரல் அடிக்கிறதே என்று சன்னல்களைச் சாத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் தலை வலித்தது. சாப்பிடாததால் என்று நினைத்தேன். அவர் இருமினார். எப்போதும் இருமுகிறவர்தானே என்று உட்கார்ந்திருந்தேன். பிறகு பார்த்தால் குழாயை மூக்கிலிருந்து பிடுங்கிவிட்டு, வாசலைப் பார்த்துக் கை காட்டுகிறார். பேச்சு வரவில்லை. அப்போதுதான் மூக்கில் உறைத்தது. காற்று புகையை வீட்டுக்குள்ளேதான் தள்ளிக்கொண்டிருந்தது. மிஷின் அதே காற்றை இழுத்து அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. கொடுத்தவள் நான்.

ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தினேன். உள்ளே மிஷினும் நின்று, கீ என்று கத்த ஆரம்பித்தது. சன்னலையெல்லாம் திறந்துவிட்டு அவரை நிமிர்த்தி உட்கார வைத்து முறத்தால் விசிறினேன். உதடு நாவல்பழம் தின்ற நிறத்தில் இருந்தது. விசிறிக்கொண்டே கத்தினேன். அதுவரைக்கும் உதவிக்கு வாருங்கள் என்று யாரையும் நான் கூப்பிட்டதாக எனக்கு நினைவே இல்லை. அன்றைக்குக் கூப்பிட்டேன்.

பக்கத்துக் காட்டு வீட்டு மருமகள் உரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். வந்தவள் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஏன் அத்தை, மாமாவ மூட்டம் போட்டுப் பழுக்க வெக்கிறீங்களா? வாழத்தாருன்னு நெனச்சீங்களா?"

வேறு நாளாக இருந்தால் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பேன். அன்றைக்கு முறத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன். களத்துக் கோடியில் காலியாகக் கிடந்த மாட்டுக் கொட்டாய்க்கு ரெண்டு பேரும் ஜெனரேட்டரை உரச்சாக்கால் மூடித் தூக்கிக்கொண்டு போனோம். ஒயர் எட்டவில்லை. அவள் வீட்டுக்கு ஓடிப்போய் மோட்டாருக்கு இழுக்கிற நீள ஒயரைக் கொண்டுவந்தாள்.

கயிற்றை இழுத்தேன். எடுக்கவில்லை. இன்னொரு தரம். பாதிக் கயிறுகூட வரவில்லை. தோளில் ஏதோ சுருக்கென்றது. அங்கே அவர் வாயைத் திறந்து காற்றை விழுங்கிக்கொண்டிருக்கிறார், இங்கே நான் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

"தள்ளுங்க அத்தை" என்றாள்.

"இரு, இப்ப எடுத்துரும்."

"மாமா இருப்பாரா அதுவரைக்கும்? தள்ளுங்கன்றேன்!"

தள்ளி நின்றேன். ஒரே இழுப்பு. எடுத்துவிட்டது.

மிஷின் ஓடி, உதட்டில் நிறம் திரும்பி வருவதற்குள் மழை விட்டிருந்தது. அந்தப் பெண் தலையைத் துவட்டிக்கொண்டு, "காபி போடட்டுமா அத்தை?" என்று என் அடுப்படிக்குள் போனாள். போகட்டும் என்று விட்டேன். அவர் என் கையைப் பிடித்துத் தோள்பட்டையைத் தடவினார். கயிறு உரசி உள்ளங்கை கன்றியிருந்தது.

"நீ இழுத்தது போதும் புள்ள" என்றார்.

போனை எடுத்து மகனைக் கூப்பிட்டேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவன் சத்தம் போடுவான் என்று காத்திருந்தேன். போடவில்லை. அது இன்னும் பாரமாக இருந்தது.

"பெருசே வாங்கிக்கிட்டு வா. மேடை எங்க போடணும்னு நான் காட்டறேன்" என்றேன். அந்த ஒன்றையாவது நான் சொல்ல வேண்டுமே.

மேடை களத்துக் கோடியில், காற்று எங்கள் வீட்டைப் பார்த்து வராத பக்கத்தில் இருக்கிறது. சின்னதை அந்த மருமகளுக்கே கொடுத்துவிட்டேன். அவள் ஒரு விரலால் இழுப்பாள் போலிருக்கிறது.

இப்போது கரண்டு போனால், பழக்கத்தில் எழுந்துவிடுகிறேன். முந்தானையைச் செருகுவதற்குள் கோடியில் அது உறுமுகிறது, விளக்கு வருகிறது. "எடுத்துச்சா?" என்று அவர் கேட்பதில்லை. நான் திரும்பக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.