தாலிக்கொடி பாரிசுக்குப் போன கதை

விசா எனக்கு மட்டும்தான் கிடைத்தது. என் மனுசனுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். முழங்கால் தேய்ந்து, நெல்லியடிச் சந்திக்கே சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிற ஆள் பாரிசில் எங்கே ஒளித்து ஓடப்போகிறார் என்று நான் இரண்டு நாள் புறுபுறுத்துக்கொண்டு திரிந்தேன். புறுபுறுத்து என்ன பயன். ஒரே மகனின் கலியாணம், தாயாவது போகத்தானே வேண்டும். அப்படித்தான் தாலிக்கொடியை ஊரிலிருந்து கொண்டு போகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

விழுந்தது என்று சொல்வதும் பொய். நானாகத்தான் ஏற்றிக்கொண்டேன். பெண்ணின் தாய், என் சம்பந்தி, நல்ல மனுசி. பாரிசிலேயே எங்கள் ஆட்களின் நகைக்கடைகள் இருக்கின்றன, அங்கேயே கொடியை வாங்கினால் என்ன, ஏன் சும்மா பயந்து பயந்து கொண்டுவர வேண்டும் என்று ரெலிபோனில் பக்குவமாகக் கேட்டார். நான் விடவில்லை. மாப்பிள்ளை வீட்டில் உருக்கிய பொன்னில்தான் தாலி செய்ய வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம் என்று நின்றேன். நாள் பார்த்து, நகை செய்கிற பத்தரை வீட்டுக்குக் கூப்பிட்டு, பொன்னுருக்கினோம். மாப்பிள்ளை பாரிசில், பொன் நெல்லியடியில். ஒரு கதிரையின் மேல் கைபேசியைச் சாத்திவைத்து, மகன் வட்ஸ்அப்பில் பார்த்துக்கொண்டிருக்க, இங்கே பொன் உருகியது. பொன்னுருக்கினால் கலியாணம் முடியும்வரை மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்க்கக்கூடாது என்று சொன்னேன். அவன் சிரித்தான். இரண்டு பேரும் ஒரே ரெயிலில்தான் வேலைக்குப் போகிறார்களாம். கண்ணை மூடிக்கொண்டு போகட்டோ என்று பகிடி விட்டான்.

கொடி செய்து கைக்கு வந்த அன்றுதான் எனக்குப் பயம் பிடித்தது. ஒரு நகை தொலைந்தால் இன்னொன்று வாங்கலாம். ஆனால் பொன்னுருக்கிச் செய்த கொடி தொலைந்தால் எங்கள் சனத்தின் வாயை எதைக் கொடுத்து மூடுவது? மருமகளாக வரப்போகிற அந்தப் பெட்டைக்கு நாளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும், பிள்ளை பிறக்கச் சுணங்கினாலும், மகனுக்கு வேலை போனாலும், "தாலி துலைஞ்ச கலியாணந்தானே" என்று சொல்லிவிடுவார்கள். தொலைத்தவள் நான், சுமக்கப்போகிறவள் அவள். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் சட்டை தைக்கிறவள். நெல்லியடியில் எனக்கு ஒரு சின்ன அறையும் இரண்டு மெசினும் உண்டு. உள்பாவாடையின் உட்பக்கம், இடுப்புக்குக் கீழே, இரட்டைத் துணி வைத்து ஒரு பொக்கற் தைத்தேன். அதன் வாயை மூடி ஊசி குத்தினால் நானே எடுக்கப் பாடுபட வேண்டும். என்னிடம் சட்டை தைக்கிற குருநகர்ச் சிநேகிதி ஒருத்தி லூர்து மாதாவைக் கும்பிடப் போய், போகிற வழியில் பாரிசில் கைபேசியைப் பறிகொடுத்துவிட்டு வந்தவள். பட்டவள் சொல்லைத் தட்டக்கூடாது என்று அவளிடம் எல்லாம் கேட்டேன்.

அவள் சொன்னவற்றை எழுதினால் ஒரு புத்தகம் வரும். ரெயில் கதவடியில் நின்று கைபேசியைப் பார்க்காதே, கதவு பூட்டுகிற நேரம் பறித்துக்கொண்டு இறங்கிவிடுவான். கடதாசியைக் காட்டிக் கையெழுத்துப் போடச் சொல்லிப் பெட்டைகள் வந்தால் நில்லாதே, ஒருத்தி காட்ட மற்றவள் பையைக் கிளறுவாள். நிலத்தில் மோதிரம் கிடந்தால் அது தங்கமில்லை. உடுப்பில் ஏதோ ஊத்தை பட்டிருக்கிறதென்று துடைக்க வருகிறவனுக்குத் துடைப்பது நோக்கமில்லை. பை எப்பவும் வயிற்றுப் பக்கம், ஒரு கை அதன் மேல். சன்னதிக் கோயில் தேருக்குப் போகிறபோது என்ன செய்வாய், சங்கிலியைச் சட்டையோடு சேர்த்து ஊசி குத்திக்கொண்டுதானே போவாய், அங்கே தினமும் தேர் என்று நினைத்துக்கொள் என்றாள்.

இதெல்லாம் எனக்குப் புதிதில்லை. இங்கேயும் ஒழுங்கைக்குள் மோட்டார் சைக்கிளில் வந்து சங்கிலி அறுக்கிறார்கள். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி சுவாமியின் பெயரைச் சொல்வதைவிட நகை கவனம் என்று சொல்வதுதான் அதிகம். ஆனால் அங்கே களவு போனால் கத்துவதற்குக்கூட எனக்குப் பாஷை இல்லையே, அந்த அந்தரம்தான். மனுசன் தன் பங்குக்கு ஒரு புத்தி சொன்னார். "இஞ்சாரும், அங்கை ஆரோடையும் கதைக்காதையும்" என்றார். வாயாடி என்று பேர் எடுத்த என்னிடம் போய் இப்படிச் சொல்கிறாரே என்று சிரித்துவிட்டேன்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்குக் கனம் மடியிலேயேதான் இருந்தது. கட்டுநாயக்காவில் பிளேன் ஏறியதிலிருந்து பாரிஸ்வரை நான் நித்திரை கொள்ளவுமில்லை, மடியிலிருந்து கையை எடுக்கவுமில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி எனக்கு வயிற்றுக்குத்து என்று நினைத்திருக்க வேண்டும், பிளேனில் வேலை செய்கிற பெட்டையைக் கூப்பிட்டுச் சுடுதண்ணீர் வாங்கித் தந்தாள். பாவம், நல்ல மனுசி. குடித்தேன்.

பாரிசில் முதல் நாட்கள் நான் நடந்துகொண்ட முறையைப் பார்த்து மகனே வியந்துபோனான். மெற்றோவில் கதவடிக்குப் போக மாட்டேன். கோட்டின் மேல் பை, பையின் மேல் கை. கடதாசியோடு வந்த இரண்டு பெட்டைகளை நான் பார்த்த பார்வையில் அவர்கள் மற்றப் பக்கம் திரும்பிவிட்டார்கள். நிலத்திலிருந்து மோதிரம் எடுத்துத் தந்தவனிடம், அதை உன் பெண்சாதிக்கே போடு என்று தமிழில் சொல்லிவிட்டு நடந்தேன். எனக்குக் கொஞ்சம் பெருமையும் புழுகமும் வந்துவிட்டது. பாரிஸ் கள்ளன் நெல்லியடிக்காரியிடம் என்ன பறிக்கப் போகிறான் என்று மனுசனுக்கு ரெலிபோனில் அளந்தேன்.

கலியாணத்துக்கு முன் கொடியைக் கோயிலில் வைத்துப் பூசை செய்விக்க வேண்டும். கோயில் லாச்சப்பல் பக்கம். பாரிசில் எங்கள் சனத்தின் கடைத்தெரு அது. ஐயருக்கு முன்னால் நின்று சீலையைத் தூக்கி உள்பாவாடைக்குள் கை விட முடியுமா? அதனால் அன்று வீட்டிலேயே கொடிப் பெட்டியை வெளியே எடுத்துக் கைப்பைக்குள் வைத்தேன். சிவப்பு வெல்வெற் பெட்டி. பையின் சிப்பை இழுத்து, அதில் ஊசியும் குத்தினேன். ரெயிலில் ஏறி இறங்கும்வரை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு போனேன்.

ரெயிலடியை விட்டு லாச்சப்பலுக்குள் கால் வைத்தேனோ இல்லையோ, நான் வேறு ஆளாகிவிட்டேன். கடைப் பலகையெல்லாம் தமிழ். வடை பொரிகிற மணம். ஒரு ஆள் பெட்டி இறக்கிக்கொண்டு இன்னொருவனைத் தூஷணத்தால் ஏசுகிறான், அதுவும் எங்கள் ஊர்த் தூஷணம். நான் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் வெட்கக்கேடு, ஆனால் உண்மை. தோளெல்லாம் இறங்கிவிட்டது. எங்கடை சனம், இனி என்ன பயம் என்று இருந்தது. எங்கடை சனம் நிற்கிற தெருவில் எங்கடை சனத்தின் நகை இருக்கும் என்பது கள்ளனுக்கும் தெரியும்தானே! அந்த நேரம் எனக்கு அது தோன்றவில்லை. ஐயருக்குச் சொல்ல, பைக்குள் இருந்த கைபேசியில் பெண்ணின் நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்று ஊசியைக் கழற்றினேன். திரும்பக் குத்தவில்லை.

மகன் மாலையும் வெற்றிலையும் வாங்கக் கடைக்குள் போனான். என்னை வாசலில் நிற்கச் சொன்னான். வாசலில் முருங்கைக்காய் அடுக்கி வைத்திருந்தார்கள். முருங்கைக்காயைக் கண்டால் முறுக்கிப் பார்க்காமல் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி அப்பால் போயிருக்கிறாளா? ஒரு கையால் முறுக்க முடியாது. பையைத் தோளில் பின்பக்கம் தள்ளிவிட்டு, குனிந்து, இரண்டு கையாலும் எடுத்து முறுக்கினேன். தும்புக்காய். வெறும் விறகு. இதைக் கொண்டுபோய் ஆருக்கு விற்கப் போகிறாய் என்று கடைப் பெடியனிடம் கேட்டேன். அவன் ஏதோ சொல்ல, நான் திருப்பிச் சொல்ல, ஒரு நல்ல வாய்ச்சண்டைக்கு நான் தயாராகிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தெருவின் மறுகரையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"அக்கா, உவன்! உவன் பைக்குள்ளை!"

மற்ற ஊர்த் தமிழர்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டும். எங்களுக்கு இவனும் அவனும் போதாது. இவன் என்றால் சொல்லுகிறவரின் பக்கத்தில் நிற்பவன். அவன் என்றால் இரண்டு பேருக்குமே தூரத்தில் நிற்பவன். உவன் என்றால் கேட்கிறவரின் பக்கத்தில் நிற்பவன். அந்தப் பிள்ளை அவன் என்று கத்தியிருந்தால் நான் தெருவின் நுனியைப் பார்த்திருப்பேன். இவன் என்றிருந்தால் குரல் வந்த பக்கம் திரும்பியிருப்பேன். எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் கொடி போயிருக்கும். உவன் என்று கேட்டதும் என் கண் எங்கும் போகவில்லை, என் இடுப்பையே பார்த்தது.

அங்கே ஒரு கை. பைக்குள்ளிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது. விரலுக்கிடையில் சிவப்பு வெல்வெற். யோசிக்க நேரமில்லை. கையில் இருந்த முருங்கைக்காயால் அந்த மணிக்கட்டில் போட்டேன் ஒரு போடு. முற்றல் காய் என்றபடியால் நல்லாகவே விழுந்தது. பெட்டி நிலத்தில் விழுந்து உருள, அவன் சனத்துக்குள் ஓடி மறைந்துவிட்டான். மறுகரையில் நின்றவள் வாகனங்களுக்கு நடுவால் ஓடிவந்து, யாருடைய காலும் படமுன் பெட்டியை எடுத்துவிட்டாள்.

என் வாயில் சொல் வராமல் போனது அன்றைக்குத்தான். அழுகைதான் வந்தது. கோயிலுக்குப் போகிற வழியில் நின்று, ஊர் பேர் தெரியாத ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று சொல்வார்களே, அது இதுதான்.

அவள் நாற்பது, நாற்பத்தைந்து வயதுக்காரி. கோட்டுப் போட்டு, தோளில் சாமான் பை. பெட்டியை என் கையில் வைத்து, என் விரல்களைத் தானே மடக்கி மூடினாள். பிறகு பின்னால் கிடந்த என் பையை இழுத்து வயிற்றுப் பக்கம் விட்டாள்.

"கொடியோ அக்கா?" என்று கேட்டாள்.

ஓம், மகனுடைய கலியாணம், ஊரில் பொன்னுருக்கிச் செய்தது என்று எப்படியோ சொன்னேன். கலியாணத்துக்கு வா, மகன் உள்ளேதான் நிற்கிறான், ஒரு தேத்தண்ணியாவது குடி என்று மன்றாடினேன். ரெயிலுக்கு நேரமாகிவிட்டது என்றாள். அப்படிச் சொன்னவள் உடனே போகவில்லை. என் கையில் இருந்த பெட்டியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அவளுடைய கோட்டின் கழுத்தடியில் எனக்குத் தெரிந்தது. ஒன்றும் இல்லை. ஒரு நூல்கூட இல்லை.

"என்ரையும் உவடத்திலைதான் போனது, நீங்கள் நிக்கிற உந்த இடத்திலை. நல்ல சனம் நிண்டது. எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

அதைக் கோபத்தோடு சொல்லவில்லை. மழை பெய்தது, நனைந்தேன் என்பதுபோலச் சொன்னாள். சொல்லிவிட்டு, கவனமாகப் போங்கோ என்று என் தோளைத் தட்டிவிட்டு ரெயிலடிப் பக்கம் விறுவிறு என்று நடந்தாள். எந்த ஊர் என்று கேட்கவில்லை. ஆரைக் கண்டாலும் முதலில் ஊரைக் கேட்டு, ஊரிலே எந்தப் பக்கம் என்று கேட்டு, கடைசியில் ஒரு சொந்தம் பிடிக்காமல் விடாத நான், அவளிடம் பேரைக்கூடக் கேட்காமல் விட்டேன். மகன் மாலையோடு வெளியே வந்தபோது அவள் ரெயிலடிப் படியிறங்கிவிட்டாள். அவன் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தான்.

அன்றிலிருந்து நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். தன் கொடி போன தெருவில் ஒருத்தி என்ன செய்வாள்? நானாக இருந்தால் அந்தத் தெருவுக்கே போக மாட்டேன். போனாலும் ஊரெல்லாம் சபித்துக்கொண்டு, என் பையை மட்டும் பார்த்துக்கொண்டு போவேன். அவள் மற்றவர்களுடைய பையைப் பார்த்துக்கொண்டு போகிறாள். இதற்கு எப்படி நன்றி சொல்வது? நல்லா இரு பிள்ளை என்று வாயால் சொல்வதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தையல் மெசினில் இருக்கும்போதும் சொல்கிறேன், சன்னதியில் நிற்கும்போதும் சொல்கிறேன்.

கலியாணத்தன்று ஐயர் கொடியைத் தட்டில் தேங்காயோடு வைத்துச் சபைக்கு அனுப்பினார். பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதித்த பிறகுதான் மாப்பிள்ளை கட்ட வேண்டும். தட்டு ஒவ்வொரு கதிரையாக வந்தது. சம்பந்தி தொட்டார். நான் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். தட்டை ஏந்தி வந்த பிள்ளை அடுத்த ஆள் பக்கம் திரும்பப் பார்த்தாள். நான் தட்டைப் பிடித்து நிறுத்தினேன். முகூர்த்தம் போகிறது அம்மா என்று ஐயர் மேடையிலிருந்து அவசரப்படுத்தினார். போகட்டும். நான் அந்தக் கொடியை இன்னொரு தரம் தொட்டேன், அவளுக்காக.