வராதவருக்குப் போட்ட நாற்காலி

கொல்லிமலையில், வாழவந்தி நாட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நான் ஒருவன்தான் வாத்தியார். பெண்பிள்ளை ஒருத்திகூட வருவதில்லை. ஊர்க்கவுண்டரிடம் நடையாய் நடந்தேன். கடைசியில், "அந்தப் பெரிய தலைவரு மலையேறி வந்து சொல்லட்டுங்க வாத்தியாரே, எம்பொண்ணையே மொதல்ல அனுப்பறேன்" என்றார். விடுவேனா? சுதேசிக் கூட்டங்களில் நாளுக்கொரு ஊராய்ப் பேசிக்கொண்டிருந்த அந்தத் தலைவருக்கு கவுண்டர் சொன்னதை அன்றைக்கே எழுதிப் போட்டேன்.

பதில் வந்துவிட்டது! காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து தபால்காரர் ஏறி வருவதற்குள் சேதி பரவி, கவுண்டர் வாசலில் மேளம், கூட்டம், தலைவருக்கென்று ஒரு நாற்காலி. எல்லார் முன்னாலும் உறையைப் பிரித்தேன். வாசிக்குமுன் ஒருமுறை கண்ணை ஓட்டினேன்.

பொய்யாக வாசித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். மனம் வரவில்லை. உள்ளதை வாசித்தேன்:

"தங்கள் அழைப்பு கண்டு அகமகிழ்ந்தேன். மலையேற வைத்தியர் அனுமதிக்கவில்லை, வேலையும் மிகுதி. வர இயலாமைக்கு வருந்துகிறேன். பெண்குழந்தைகளை அவசியம் படிக்க வையுங்கள்."

மேளம் நின்றுபோயிற்று.

"அவரே கைப்பட எழுதுனதுங்களா?" என்றார் கவுண்டர்.

"ஆமாங்க."

"அப்பறமென்னுங்க! தடி வந்த மாதிரிதானுங்களே?"

அந்த ஊர் வழக்கம் அது. விசேஷத்துக்கு வர முடியாதவர் தன் கைத்தடியைக் கொடுத்தனுப்புவார். தடி வந்தால் ஆள் வந்த கணக்கு, அதற்கும் பந்தியில் இலை உண்டு. கவுண்டர் கடிதத்தை வாங்கி நாற்காலியில் வைத்தார். "வந்தும் போட்டாரு, சொல்லியும் போட்டாரு. நாளைக்குப் பொண்ணு வருவா!" மறுபடி மேளம் பிளந்துகட்டியது. நான் நின்ற இடத்திலேயே குதித்தேன்.

அவள் வந்தாள். பின்னாலேயே இன்னும் நான்கு பேர். அரிச்சுவடியை முடித்ததும் அந்தக் கடிதத்தைத்தான் வாசிப்பேன் என்று அடம்பிடித்து, வரி விடாமல் மனப்பாடம் செய்தாள்.

இரண்டு வருஷம் கழித்துச் சேந்தமங்கலத்தில் தலைவரின் கூட்டம். இம்முறை கவுண்டருக்கு அவர் அழைப்பு அனுப்பியிருந்தார். மலையிலோ சாமை அறுப்பு. கவுண்டர் மகளைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். அந்தக் கடிதத்தையும் கவுண்டரின் தடியையும் சுமந்துகொண்டு நான் இறங்கினேன்.

தலைவர் மேடையிலேயே பிரித்து வாசித்தார்: "தங்கள் அழைப்பு கண்டு அகமகிழ்ந்தேன். சாமை அறுப்பு. வேலையும் மிகுதி. வர இயலாமைக்கு வருந்துகிறேன்."

சிரித்துவிட்டு, "எழுதியது யார்?" என்றார்.

"கவுண்டர் மகளுங்க" என்றேன். தடியின் கதையையும் சொன்னேன்.

அவர் எழுந்து, பக்கத்து நாற்காலியில் இருந்த பிரமுகரை நகரச் சொல்லி, அதில் அந்தத் தடியைச் சாய்த்து வைத்தார். நான் வாத்தியார் என்பதையே மறந்து விசிலடித்தேன்.