மைக் அணைத்த நாலாவது ஆள்

என் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையில் வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்த மரப்பெட்டி ஒன்று அங்கே உண்டு. அறைக்கு ஒரு எண், கையில் அதே எண் போட்ட வில்லை. காலை எட்டரைக்கு உள்ளே போகும் போன் மாலை ஐந்தரைக்குத்தான் வெளியே வரும். ஆறு வருடமாக இதுதான் நடைமுறை என்பதால் பகலில் அவருக்கு போன் செய்யும் பழக்கமே எனக்கு விட்டுப்போயிருந்தது. மாமியார் மயங்கி விழுந்த அன்றுகூட நானே ஆட்டோ பிடித்து செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, சாயங்காலம்தான் அவரிடம் சொன்னேன்.

அதனால்தான் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே முக்காலுக்கு, அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்ததைப் பார்த்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்தப் பெயரும் புள்ளியும் இருந்தது ஒரு போன் விளையாட்டில். நூறு பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிப்பார்கள். சுற்றிலும் ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டு, கடைசியில் மிஞ்சுகிறவர் ஜெயித்தவர். தனியாகவும் ஆடலாம், நாலு பேர் அணியாகவும் ஆடலாம். அணியாக ஆடினால் ஒருவர் அடிபட்டு விழும்போது இன்னொருவர் போய்த் தூக்கிவிடலாம். தனியாக ஆடினால் விழுந்தது விழுந்ததுதான்.

என் கணவர் அணி ஆள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, மைக்கில் ஊரே கேட்கும்படி கத்துவார். நான் தனி ஆள். நான் ஆடுவதே அவருக்குத் தெரியாது. ஒருமுறை சும்மா வாயைக் கிளறுவதற்காக, "இதை ஒண்டியா ஆட முடியாதா?" என்று கேட்டேன். "ஒண்டியா ஆடுறதுக்கு இன்னாத்துக்கு மே ஆன்லைனு? செவுத்துல பந்து அடிச்சிகினு இருக்கலாமே" என்று சிரித்தார். அதற்குப் பிறகு சொல்லத் தோன்றவில்லை.

நான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். காலை ஏழிலிருந்து வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பவர்களுக்கு ஊசி குத்தி, குழாய்களில் பெயர் ஒட்டி, பதினொன்றரைக்கு மெஷினில் அடுக்கிவிட்டால் முக்கால் மணி நேரம் அது பாட்டுக்கு ஓடும். அந்த முக்கால் மணி நேரம் என்னுடையது. தீவின் ஓரமாகப் போய்க் குதிப்பேன். யாரும் போகாத ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து, தூரத்தில் யார் யாரோ சுட்டுக்கொள்வதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைத்த மாதிரி. சுற்றிலும் ஆட்கள் இருப்பார்கள், ஆனால் யாரும் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். நாள் முழுக்க ஊசிக்குப் பயந்தவர்களிடம் பேசிப் பேசி வாய் வலிக்கிறவளுக்கு அது பெரிய சுகம்.

எங்கள் மெஷின்மேல் ஒட்டியிருக்கும் எழுத்தும் எண்ணும்தான் விளையாட்டில் என் பெயர். அந்தப் பெயரிலிருந்து, அந்தச் செவ்வாய்க்கு முந்தின ஞாயிறு, குறும்பாக அவருக்கு நட்பு அழைப்பு அனுப்பினேன். அவர் எத்தனை பேரைச் சுட்டிருக்கிறார் என்று பார்க்கும் ஆசை, வேறொன்றுமில்லை. யார் என்ன என்று பார்க்காமல் ஏற்றுக்கொண்டார். அவர் அப்படித்தான், யார் கை நீட்டினாலும் கை கொடுப்பார்.

அப்படித்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை பச்சைப் புள்ளி என் கண்ணில் பட்டது. முதலில், வாசல் காவலாளி யாரோ பெட்டியைத் திறந்து ஆடுகிறான் என்று நினைத்தேன். உடனே அவர் எண்ணுக்கு போன் போட்டேன். மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. பச்சைப் புள்ளி அணையவில்லை. அவர் விரல் பட்டால்தான் அந்த போன் திறக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்று ஆறேகாலுக்கு, எப்போதும்போலச் சட்டைப் பையில் அடையாள அட்டையோடு வந்தார். "இன்னா மே, பகல்ல போன் அட்ச்சிருந்த? பொட்டில இருந்துது. உட்டப்பறம் தான் பாத்தேன்" என்றார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. காலி சாப்பாட்டு டப்பாவை என்னிடம் நீட்டினார். நான், "கை தவறிப் பட்டுடுச்சி" என்றேன். ஆக, முதல் நாளே இரண்டு பேரும் பொய் சொன்னோம்.

அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் கத்த வராது, வாய் பூட்டிக்கொள்ளும். அவரே சொல்லட்டும் என்ற வீம்பு வேறு. தினமும் சாயங்காலம், "வேலை எப்டி போச்சி?" என்று மட்டும் கேட்பேன். "போச்சி" என்பார். நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவேன். மறுநாள் டப்பாவில் வெறும் தயிர்சாதமும் ஊறுகாயும் வைப்பேன். அது என் தண்டனை.

மறுநாளும் பச்சைப் புள்ளி எரிந்தது. அதற்கு அடுத்த நாள், என் மெஷின் ஓட ஆரம்பித்த நேரத்தில், அவரிடமிருந்தே அழைப்பு வந்தது. அணியில் ஒரு ஆள் குறைந்ததால் பட்டியலில் இருந்தவர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார். மைக்கை அணைத்துவிட்டு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

அணியில் இன்னும் இரண்டு பேர். ஒருவர் கோவளத்தில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். இன்னொருவர் செய்யூரில் லோடு வண்டி ஓட்டுபவர். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது. ஆனால் அப்படி ஒரு ஒட்டுதல். "மச்சான், மாடில ஒருத்தன் கீறான், பாத்து!" "அண்ணாத்த, நீ ஓடு, நான் பாத்துகிறேன்." என் கணவர் அங்கே வேறு மனிதராக இருந்தார். கோவளத்துக்காரர் இறால் வாங்கப் போய் ஏமாந்த கதைக்கு அவர் சிரித்த சிரிப்பை, எங்கள் வீட்டில் நான் கேட்டு வெகு நாளாகியிருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

நான் நன்றாகவே ஆடினேன். தனியாக ஆடிப் பழகியதால் காலடிச் சத்தம் எனக்கு முன்கூட்டியே கேட்கும். அவர் விழுந்தபோது ஓடிப்போய்த் தூக்கிவிட்டேன். "இந்தாளு சூப்பரா ஆடுறான்யா. இன்னா, வாயே தொறக்க மாட்டேன்றான்" என்றார் செய்யூர்க்காரர். "சைலன்ட்டுபா அவன். உட்டுடு, சில பேரு அப்படித்தான்" என்றார் என் கணவர். அன்றிலிருந்து எனக்குப் பெயர் சைலன்ட்.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, மற்ற இருவரும் சுடப்பட்டு வெளியேறி வேறு ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் மட்டும் ஒரு வீட்டின் மாடியில் குனிந்து, வட்டம் சுருங்கக் காத்திருந்தோம். இயர்போனில் காற்றின் சத்தம் பலமாகக் கேட்டது. அது விளையாட்டுக் காற்றில்லை, அவர் உட்கார்ந்திருந்த இடத்துக் காற்று.

"மச்சான், லைன்ல கீறியா? சரி, நீ பேசாத. நீ பேசாத இருக்குறதால தான் உன்கிட்ட சொல்றேன்" என்று ஆரம்பித்தார். "எனக்கு வேல போயி அம்பது நாளு ஆவுது. காண்ட்ராக்ட் முடிஞ்சிடுச்சின்னு ஒரு கும்பலையே அனுப்பிட்டானுங்க. வூட்ல சொல்லல. கணக்கு முடிச்சி குடுத்த காசத் தான் சம்பளம்னு குடுத்துகினு கீறேன். அதே சட்டய மாட்டிகினு, அதே டப்பாவ தூக்கிகினு கெளம்பிடுறேன். நாலு எடத்துல வேல கேட்டுட்டு, மாமல்லபுரம் தாண்டி சவுக்குத் தோப்புல வந்து குந்திக்கிறேன். நேரமானா வண்டிய எடுத்துகினு வூட்டுக்குப் போயிடுறேன்."

எனக்குப் பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எம்பொண்டாட்டி திட்டுனா பரவால்ல மச்சான். அவ திட்ட மாட்டா. ஒரு வார்த்த பேசாம எந்திரிச்சிப் போயி பாத்திரம் கழுவுவா. அந்த சத்தம் கீது பாரு, அத்த கேட்டுகினு என்னால குந்தினு இருக்க முடியாது. ஒரே பேஜாரா பூடும்." துப்பாக்கியில் தோட்டா நிரப்பிக்கொண்டே தொடர்ந்தார். "நீயும் தான் பேச மாட்ட. ஆனா நீ பேசாத இருந்தா, கேக்குறன்னு தெரியுது."

பேசாமல் இருப்பவர்களுக்காக அந்த விளையாட்டில் சில வரிகளைத் தயாராக வைத்திருப்பார்கள். நன்றி. இங்கே வாருங்கள். எதிரி முன்னால். தோட்டா வேண்டும். இவ்வளவுதான். இதில் எதை அழுத்துவது? விரல் தவறி, 'தோட்டா வேண்டும்' என்பதை அழுத்திவிட்டேன். அவர் சிரித்துவிட்டார். "நான் இன்னா சொல்லிகினு கீறேன், நீ இன்னா கேக்குற! இந்தா, எட்த்துக்கோ." தன்னிடமிருந்த அத்தனை தோட்டாவையும் எனக்கு முன்னால் கொட்டினார். அடுத்த நிமிடமே யாரோ மாடிப்படியில் ஏறிவந்து, வெறும் கையோடு நின்றவரைச் சுட்டுவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே, "எனக்குத் தெரியும், பரவால்ல" என்று சொல்லியிருந்தால் கதை வேறு. டப்பாவில் முட்டை வறுத்து வைத்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவர் என்னிடம் அப்படி மனம்விட்டுப் பேசியதே இல்லை. பேசும்படி நான் இருந்ததில்லை என்று அப்போது தோன்றவில்லை. காலையில் எழுந்ததும் பதினொன்றரை எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன். வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் வாய் திறக்காமல் சாப்பிடுவோம். மறுநாள் பகலில் அவர் சைலன்ட்டிடம் எல்லாவற்றையும் சொல்வார். எந்தக் கம்பெனியில் வயதைக் காரணம் காட்டினார்கள், யார் சான்றிதழைப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தார்கள் என்று. புருஷனை ஒட்டுக்கேட்கிறோம் என்ற உறுத்தல் இருந்தது. உறுத்தலோடே தினமும் போனேன்.

பதினோராவது நாள் வெள்ளிக்கிழமை. மற்ற இருவரும் வரவில்லை. எங்கேயும் ஓடாமல், ஒரு பாறைக்குப் பின்னால் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

"ஞாயித்துக்கெழம சொல்லிடப் போறேன் மச்சான்" என்றார். "கறி வாங்கினு போயி, சாப்ட்டு முடிச்சதும் சொல்லிடுறேன். எப்டி ஆரம்பிக்கிறதுன்னு தான் தெர்ல. நீ கேளு. 'இத பாரு மே, உன்கிட்ட ஒரு விசயம் மறச்சிட்டேன்.' இப்டி சொன்னா சரியா கீதா? வாணாம். 'இத பாரு மே, நீ மொதல்ல எந்திரிச்சிப் போவாத. குந்து. நான் சொல்றத முழுசா கேட்டுட்டு அப்பறமா போ.' இது பரவால்ல, இல்ல?"

மறுபடியும் முதலிலிருந்து சொல்லிப் பார்த்தார். 'நீ மொதல்ல எந்திரிச்சிப் போவாத' என்று வந்தபோது குரல் உடைந்துவிட்டது. என் புருஷன் எங்கேயோ மணலில் தனியாக உட்கார்ந்துகொண்டு, என்னிடம் பேசுவதற்கு ஒரு முன்பின் தெரியாதவனிடம் ஒத்திகை பார்க்கிறார். எனக்குத் தாங்கவில்லை. மைக்கை அழுத்தினேன்.

"மாமா, வூட்டுக்கு வா. எனக்கு எல்லாம் தெரியும்."

பாறைக்குப் பின்னால் அவருடைய ஆள் அசையாமல் உட்கார்ந்திருந்தான். காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. "மாமா" என்று இன்னொரு முறை கூப்பிட்டேன். திரையில் ஒரு வரி வந்தது, அவர் ஆட்டத்திலிருந்து வெளியேறிவிட்டார் என்று. பச்சைப் புள்ளி சாம்பல் நிறமானது.

உடனே கிளம்பி வருவார் என்று நினைத்து, மேலாளரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். சோறு வடித்து, மீன் வறுத்து வைத்துக் காத்திருந்தேன். அவர் வழக்கம்போல ஆறேகாலுக்குத்தான் வந்தார். அதே சட்டை, அதே அடையாள அட்டை. டப்பாவை என்னிடம் தரவில்லை. தானே கொண்டுபோய்க் குழாயைத் திறந்து, நிதானமாகக் கழுவிக் கவிழ்த்தார். பாத்திரம் கழுவும் சத்தத்தை உட்கார்ந்து கேட்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"எத்தினி நாளா?" என்றார், திரும்பாமல்.

"பதினோரு நாளா."

"ஞாயித்துக்கெழம நானே சொல்லியிருப்பேன்."

"நீ அழுதியே மாமா. அதான் மனசு கேக்கல."

"நான் உன்கிட்ட அழல மே." துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். "வேல போச்சி. சரி. வூட்ல பேச ஆளில்ல. அதுவும் சரி. எனக்குன்னு ஒருத்தன் இருந்தான். அவனயும் நீ எட்த்துகினியே."

அவர் கவிழ்த்து வைத்த டப்பாவை எடுத்து, ஈரம் போகத் துடைத்து வைத்தேன்.

அவருக்கு இப்போது வேலை கிடைத்துவிட்டது. கோவளத்துக்காரர் சொல்லி வைத்ததில், அந்தப் பக்கத்து விடுதி ஒன்றில் ஏ.சி. பராமரிப்பு. போனைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாம். பகலில் கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுத்து, கேட்டதற்குப் பதில் சொல்கிறார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. பார்க்கிறவர்கள் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் ஆடுகிறார். ஆனால் மைக் கிடையாது, கத்தல் கிடையாது. அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளியும், தனி ஆட்டம் என்ற குறிப்பும் இருக்கும். உள்ளறையிலிருந்து நான் அழைப்பு அனுப்புகிறேன். அது கூடத்தில் 'டிங்' என்று போய்ச் சேருவது எனக்கே கேட்கிறது. ஒருநாளும் அவர் ஏற்றதில்லை.

பிறகு எழுந்து பாத்திரம் கழுவப் போகிறேன். இப்போதெல்லாம் பேசிக்கொண்டேதான் கழுவுகிறேன். ஊசியைப் பார்த்ததும் ஓடிப்போன போலீஸ்காரர் கதை, மெஷின் பாதியில் நின்றுபோன கதை, எதுவுமில்லாவிட்டால் மழை வருமா வராதா என்பது வரை, கூடத்துக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்கிறேன். அவர் காதில் இயர்போன் இருக்கிறது. கேட்கிறாரா என்று தெரியவில்லை.